ராஜேஸ்வரி அம்மாவுக்குப் போட்ட அக்ரூட் சாயம்

போன மாதம் வடலூரில் அழகுக்கலை படிக்கிற பெண்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. பழைய ஆள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பேசி முடித்ததும் நித்யா என்ற பெண் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஆன்லைனில் வாங்கியதாம். முன்பக்கம் ஒரு பச்சைக் காயின் படம். அக்ரூட் என்கிற வால்நட் தோல் சேர்ந்த இயற்கைச் சாயம் என்று போட்டிருந்தது.

“அக்கா, இது நேச்சுரல்தானே? இதுக்கும் காதுக்குப் பின்னாடி டெஸ்ட் போட்டுட்டு ரெண்டு நாள் நிக்கணுமா? கஸ்டமர் யாரும் நிக்க மாட்டேங்கறாங்க.”

நிற்கணும் என்று சொன்னேன். ஏன் என்று சொல்வதற்குள் என் பஸ் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் அஞ்சலை. ஊர் வடக்குத்து. நெய்வேலி நகரியத்தில் மெயின் பஜார் பக்கம் ஒரு பியூட்டி பார்லரில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் போனதால் போன வருஷம் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். என் அப்பா அம்மாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கொல்லையில் நட்டார்கள், அறுத்தார்கள். மற்ற மாதங்களில் முந்திரிக் கொட்டை உடைத்தோம். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டும்போது ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். பட்ட இடம் வெந்து, உரிந்து, கறுத்துப் போகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவோம். அப்படியும் என் பத்து விரலும் கரிக்கட்டை மாதிரி இருந்தன.

அந்தக் கையோடுதான் பிலோமினா மேடத்திடம் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போனேன். மேடத்துக்கு ஊர் கடலூர். கணவர் அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை. சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பெருக்குகிற என்னையும் முதல் நாளிலிருந்தே ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று வருஷத்தில் த்ரெடிங், ஃபேஷியல், முடி வெட்டுதல், டை போடுதல் என்று ஒவ்வொன்றாக எனக்குக் கைவந்தது. முதல்முதலாக ஒரு அம்மாவின் முகத்தில் க்ரீம் தடவப் போனபோது அவர் என் விரல்களைப் பார்த்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மேடம் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “முந்திரி உடைச்ச கைங்க. அழுக்கு இல்ல. இதோ, என் மூஞ்சியிலயே வெச்சிட்டேன், பாருங்க” என்றார்கள். அந்த அம்மா அதன்பிறகு பதினைந்து வருஷம் என்னிடம்தான் வந்தார்.

மேடத்தின் கண்டிப்பெல்லாம் ஒரு விஷயத்தில்தான். டை போடுவதென்றால், போடப்போகிற அதே டையைக் கொஞ்சம் குழைத்துக் காதுக்குப் பின்னால் பத்துப் பைசா அளவுக்குத் தடவ வேண்டும். இரண்டு நாள் அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால்தான் தலைக்கு. புது ஆளோ பழைய ஆளோ, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். இதற்கென்றே மேஜையில் ஒரு நோட்டு இருக்கும், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். டெஸ்ட் போட்ட நாளில் ஒரு டிக், பார்த்த நாளில் ஒரு டிக். ‘அடுத்த கடையில் அரை மணி நேரத்தில் முடித்து அனுப்புகிறார்கள்’ என்று எத்தனையோ பேர் எழுந்து போயிருக்கிறார்கள். மேடம் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார்கள்.

ராஜேஸ்வரி அம்மா அப்படி எழுந்து போகாதவர். சுரங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகன் செந்திலைத் தன் குவார்ட்டர்ஸில் வைத்துப் படிக்க வைத்தார். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை டெஸ்ட்டுக்கும் சனிக்கிழமை டைக்கும் வருவார். ‘தானே’ புயல் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளையெல்லாம் சாய்த்துப்போட்டு ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த நவம்பர் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். அக்டோபர் முதல் சனிக்கிழமை கடைக்கு வந்தார். மேடம் அன்று ஒரு கல்யாணத்துக்காகக் கடலூர் போயிருந்தார்கள். கடை என் பொறுப்பு.

“வியாழக்கிழமை ஆபீஸ்ல ஆடிட் அஞ்சலை, வர முடியல. பத்து வருஷமா போடுற டைதானே, போட்டுடு” என்றார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, “போன தடவை காதோரம் ரெண்டு நாள் அரிச்சிது. வேர்க்குருன்னு விட்டுட்டேன்” என்றும் சொன்னார்.

அதைக் கேட்டதுமே நான் கையைக் கழுவிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். வருஷக்கணக்காக வருகிற ஆளை எப்படித் திருப்பி அனுப்புவது என்று ஒரு கூச்சம். டையைக் கலக்கினேன்.

முன்பக்கம் முழுக்கப் போட்டுவிட்டுப் பின்பக்கம் பாதி போயிருப்பேன். “அஞ்சலை, எரியுது” என்றார். உடனே அலசினேன். மூன்று தடவை அலசியும், “இன்னும் எரியுதும்மா” என்றுதான் சொன்னார். ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை செந்தில் கடைக்கு வந்து நின்றான். “எங்க அத்தைக்குக் கண்ணே திறக்கல. மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். என்னத்தைப் போட்டீங்க நீங்க?” என்று கத்தினான்.

மேடம் எழுந்து நின்றார்கள். “தம்பி, முதல்ல உட்காருங்க. எங்க கடையில டெஸ்ட் போடாம யாருக்கும் டை போட மாட்டாங்க. நேத்து அஞ்சலைதான் இருந்தாங்க. வேணும்னா அவங்களையே கேளுங்க.”

நோட்டு மேஜையில் திறந்தபடி கிடந்தது. ராஜேஸ்வரி அம்மாவின் பெயருக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது. மேடம் செந்திலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா என் கைக்கு எட்டுகிற தூரம். ஒரு டிக் போட்டால் மேடம் என் பக்கம் நிற்பார்கள், உடம்பு வாகு என்று சொல்லி அந்தப் பையனைச் சமாதானப்படுத்தி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். என் கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வேலை போனால் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அத்தனையும் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது.

“டெஸ்ட் போடல மேடம்” என்றேன். “போன தடவ அரிச்சிதுன்னுகூட அவங்க சொன்னாங்க. கேட்டுக்கினும் நான் போடல.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்கள். பிறகு உட்கார்ந்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினார்கள். என்னை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், “நான் பேசிக்கறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்” என்றார்கள்.

கட்டிலில் ராஜேஸ்வரி அம்மாவை அடையாளமே தெரியவில்லை. இரண்டு கண்ணும் கோடாக மூடியிருந்தன. காது மடல் தடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

“யாரு?” என்றார்.

“பிலோமினாங்க. அஞ்சலையும் வந்திருக்காங்க. என் கடையில நடந்த தப்பு இது. மன்னிச்சிக்கங்க.”

நான் செய்த தப்பை மேடம் ‘என் கடையில நடந்த தப்பு’ ஆக்கிக்கொண்டார்கள். நான் வாய்விட்டு அழுதேன்.

“போடச் சொல்லி அவசரப்படுத்துனவ நான்தான். எனக்குக் கண்ணுதான் தெரியல. காது நல்லா கேக்குது. அழுகையை நிறுத்து அஞ்சலை” என்றார் அந்த அம்மா.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கறுப்பு டையில் இருக்கும் ஒரு ரசாயனம் அந்த அம்மாவின் உடம்புக்கு ஆகாமல் போய்விட்டது. பத்து வருஷம் ஒத்துக்கொண்டதும் ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இனி அது வாழ்நாள் முழுக்க ஆகாது. அடுத்த முறை மூச்சே அடைத்துவிடலாம். அந்த ரசாயனத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தந்தார். மேடம் அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். நான் வேலையை விட்டு நிற்கும்வரை அது அங்கேயே இருந்தது.

வீக்கம் வடிய ஒரு வாரம், தோல் ஆற இன்னும் பத்து நாள். அதன்பிறகு ராஜேஸ்வரி அம்மா கடைக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். தலை முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் வேரெல்லாம் வெள்ளை, நடுவில் செம்பட்டை.

“ஒட்ட வெட்டிடலாமா? இல்ல, அப்படியே வெள்ளையா விட்டுடலாம்ங்களா?” என்று மேடம் கேட்டார்கள்.

“விட்டுடலாம்தான். அடுத்த வருஷம் விட்டுடறேன்.” கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். “ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன்ல மேடை ஏத்துவாங்க, மாலை போடுவாங்க. எனக்கு மாலை போடப்போறது அந்த ஒரு நாள்தான் மேடம். அன்னைக்கு மட்டும் நல்லா இருக்கணும்.”

மேடமும் நானும் வேறு வழி தேடினோம். மருதாணி மட்டும் போட்டால் வெள்ளை முடி ஆரஞ்சு நிறமாகும். அந்த நிறம் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. கடையில் விற்கும் ‘கறுப்பு மருதாணி’ பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த அதே பெயர். அவர் முடியில் கொஞ்சம் வெட்டி, அதில் நீலச்சாயம் தருகிற அவுரிப் பொடியைப் போட்டுப் பார்த்தோம். வெள்ளை இருந்த இடம் பச்சை அடித்தது.

அந்த வாரம்தான் சுனிதா வந்தாள். சுரங்க வாசலில் காவலுக்கு நிற்கும் ஒரு ஜவானின் மனைவி. இமாசலப் பிரதேசத்துப் பெண். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். த்ரெடிங்குக்காக நெற்றித் தோலை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். கையைத் தூக்கினாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. எனக்குத் திக்கென்றது.

“என்னம்மா, முந்திரி உடைச்சியா?”

“இல்ல அக்கா, அக்ரோட். எங்க வீட்ல மரம் இருக்கு. பச்சைத் தோல் உரிக்கும், கை இப்படி ஆகும். ஒரு மாசம் போகாது.”

தாம்பூலத் தட்டிலும் கேக்கிலும் பார்க்கிற அக்ரூட் பருப்பின் கதையை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாம் உடைப்பது உள் ஓடு. மரத்தில் இருக்கும்போது அதற்கு மேலே மாங்காய்ச் சதை கனத்தில் ஒரு பச்சைத் தோல் மூடியிருக்கும். அதை உரித்துக் காயவைத்துப் பொடித்து அவள் அம்மா கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுவாராம், தலைக்கும் போடுவாராம். அந்த மரத்தின் பட்டையால் பெண்கள் பல் தேய்ப்பார்களாம், உதடு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி சிவக்குமாம். மறுநாளே ஒரு டப்பாவில் பொடி கொண்டுவந்து கொடுத்தாள்.

கொட்டையின் தோல் என்றாலே எனக்குப் பயம். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். “முதல்ல எனக்குப் போட்டுப் பாக்கறேன் மேடம்” என்றேன். பொடியை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு ஆறியதும் முழங்கை மடிப்பில் தடவிக்கொண்டேன். இரண்டாம் நாள் அந்த இடம் சிவந்து தடித்தது. மேடத்திடம் கையை நீட்டிக் காட்டினேன். மேடம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “சொன்னதுக்கு தேங்க்ஸ் அஞ்சலை” என்றார்கள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அதுவரை அவர்கள் என்னிடம் பேசியதே இல்லை. இந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சுனிதா தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “புதுத் தோல் கோபக்காரன், அம்மா சொல்றாங்க. ஒரு வருஷம் வெச்ச தோல்தான் தலைக்கு. ரொம்ப நேரம் கொதிக்கணும். புதுசு கம்பளிக்குத்தான்” என்று மொழிபெயர்த்தாள். முகம் தெரியாத அந்த அம்மா பழைய தோலைத் துணிப்பையில் கட்டி, லீவு முடிந்து திரும்பிய இன்னொரு ஜவானிடம் கொடுத்தனுப்பினார். அது வந்து சேர்வதற்குள் நவம்பர் பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது.

இந்தத் தடவை மேடம் எதையும் விடவில்லை. இரண்டு கைப்பிடி பொடியை இரும்புச் சட்டியில் போட்டு ஒரு நாள் முழுக்க ஊறவைத்தோம். இரும்பு பட்டால் நிறம் இன்னும் இருளும். சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினோம். வழியாமல் நிற்கக் கொஞ்சம் அரிசிக்கஞ்சி. வெந்தயம், செம்பருத்தி சேர்க்கலாமா என்று கேட்டேன். “ஒரே நேரத்துல ஒரு புதுப் பொருள்தாங்க. ரெண்டு சேத்தா, அரிச்சா எதால அரிச்சிதுன்னு தெரியாது” என்றார்கள். கடையின் வெள்ளைத் துண்டு ஒன்றை முக்கிப் பார்த்தோம். சாயம் நிற்பதற்கென்று படிகாரம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமலே நல்ல பழுப்பு ஏறியது. எத்தனை துவைத்தும் போகவில்லை. வெட்டிய முடியில் போட்டோம், பிடித்தது. என் கையில் போட்டோம், இரண்டு நாளும் ஒன்றுமில்லை. மேடம் தன் கையிலும் போட்டுக்கொண்டார்கள்.

அதன்பிறகு ராஜேஸ்வரி அம்மா. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டோம். காதுக்குப் பின்னால் பத்துப் பைசா அளவு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. “நாலு நாள் போகட்டும், இன்னொரு தடவை போடுவோம்” என்றார்கள் மேடம். ஃபங்ஷனுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ராஜேஸ்வரி அம்மா முணுமுணுக்காமல் தலையாட்டினார். நான் மட்டும் தினமும் காலையில் போன் போட்டு, “அரிக்குதாங்கம்மா?” என்று கேட்டேன். “நீ கேட்டாதான் அரிக்குது, வை போனை” என்பார். இரண்டாம் டெஸ்ட்டிலும் ஒன்றுமில்லை. நோட்டில் நான்கு டிக்கையும் என் கையால் போட்டேன்.

மழை கொட்டிய ஒரு காலையில் நெற்றி ஓரத்திலும் காதிலும் வாஸ்லின் தடவி, க்ளவுஸ் மாட்டிக்கொண்டு, இழை இழையாகப் பிரித்துப் போட்டேன். இரண்டு மணி நேரம் வைத்து, வெறும் தண்ணீரில் அலசினேன். மறுநாள் அதே மாதிரி இன்னொரு தடவை. முடி காய்ந்ததும் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினோம்.

கறுப்பு இல்லை. வறுத்த காப்பிக்கொட்டை நிறம். பழைய டை பிடித்திருந்த முன்பக்கம் கொஞ்சம் கருமை, பின்பக்கம் கொஞ்சம் வெளிச்சம். ஆனால் எங்கேயும் கோடு பிரித்த மாதிரி இல்லை. ராஜேஸ்வரி அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கறுப்பா வரலையே” என்றார்.

“வராதுங்கம்மா. இதுக்கு மேல போகாது.”

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. “பரவாயில்ல. இது பொய் சொன்னாலும் வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லுது.”

மேடம் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

விழாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். அலுவலகத்துக்கு வெளியே ஷாமியானா. ராஜேஸ்வரி அம்மா சந்தன நிறப் பட்டில் மேடையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மழை வலுத்தது. மேலே தேங்கிய தண்ணீர் துணியைக் கிழித்துக்கொண்டு நேராக அந்த அம்மாவின் தலையில் கொட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. சந்தனப் பட்டில் பழுப்புத் தண்ணீர் இறங்கினால்? யாரிடமும் கேட்கவில்லை, மேடையில் ஏறிவிட்டேன். என் கைக்குட்டையால் அவர் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வெறும் மழைத்தண்ணீர்தான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

“என்ன அஞ்சலை?” என்றார்.

“ஒண்ணுமில்லம்மா. சாயம் போவல.”

பக்கத்தில் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கூட்டம் முழுக்கச் சிரித்தது. ராஜேஸ்வரி அம்மாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் மாலையை வாங்கிக்கொண்டார். குடும்ப போட்டோ எடுக்கும்போது செந்திலை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, “இந்தப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் வாங்க” என்று எங்களை இழுத்து நிறுத்திக்கொண்டார்.

பல வருஷம் கழித்து, அன்று ஏன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை என்று மேடத்திடம் கேட்டேன். “அந்த டிக்கை நீங்க போட்டிருந்தா நான் கடைசிவரைக்கும் உங்களை நம்பிட்டே இருந்திருப்பேன். அதை நெனைச்சாதான் எனக்குப் பயமா இருந்துது. போடாத ஆளை எதுக்குங்க அனுப்பணும்?” என்றார்கள். எனக்கு அப்படி ஒரு ஆள் முதலாளியாக வாய்த்தது. தன் முகத்தைக் கெடுத்தவளிடமே திரும்ப வந்து தலையைக் கொடுத்த ஒரு கஸ்டமர் வாய்த்தார். எங்கோ மலையில் இருக்கிற, நான் பார்த்தே இராத ஒரு தாயின் கைப்பொடி கிடைத்தது. இதற்கு மேல் என்ன கேட்பது?

விழா முடிந்த மறு திங்கட்கிழமை காலை, நான் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் போகிற நேரம். ராஜேஸ்வரி அம்மா இஸ்திரி போட்ட புடவையும் தோளில் பையுமாகப் படியேறி வந்தார்.

“எங்கம்மா, ஆபீஸுக்கா?” என்றேன், பழக்கதோஷத்தில்.

“காலையில கால் தானா கிளம்பிடுச்சி. பஸ் ஸ்டாப்வரைக்கும் போயிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துது.” நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “அடுத்த தடவைக்கு இப்பவே டெஸ்ட் போட்டுடு.”

“முடி வளந்து வெள்ளை தெரியவே இன்னும் ரெண்டு வாரம் ஆவும்மா. அப்புறம் டெஸ்ட் போட்டு ரெண்டு நாள் நிக்கணும்.”

“நிக்கறேன்” என்றார். “இனிமே எனக்கு என்ன அவசரம்? நேரம்தான் நிறைய இருக்கே.”

துடைப்பத்தை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவசரமே இல்லாத அந்த டெஸ்ட்டைப் போட அவர் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினேன்.